முட்டிச் சில்லை யார் கேட்பது?

மூட்டு வலி வந்தால் "வயசாச்சு, அப்படித்தான் இருக்கும்" என்று தைலத்தைத் தேய்த்துக்கொண்டு சும்மா இருந்த காலம் போய்விட்டது. இப்போது பேருந்து நிலையத்துக்கு எதிரே, மேம்பாலத் தூணில், உள்ளூர் கேபிள் டிவியில் என்று எங்கே திரும்பினாலும் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை விளம்பரம்தான். இரண்டு முட்டிக்கும் சேர்த்து ஒரே பேக்கேஜ், சீக்கிரமே எழுந்து நடக்கலாம், இலவச ஆலோசனை முகாம்... போதாததற்குத் தவணை வசதி வேறு. மனை விற்கிற விளம்பரத்துக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் தெரிவதில்லை.

விளம்பரம் செய்வது தப்பில்லை. மூட்டு மாற்று அறுவை சிகிச்சை பல லட்சம் பேரை மறுபடி நடக்க வைத்திருக்கிறது. ஆனால் இந்த விளம்பரங்கள் எதிலும் வராத ஒரு சின்ன எலும்பு இருக்கிறது. முட்டியின் முன்பக்கம் தொட்டால் வட்டமாகத் தட்டுப்படுமே, அந்த முட்டிச் சில்லு. தேய்மானம் ஒரு பக்கம், சில்லு ஓர் இடத்தில் நிற்காமல் விலகுவது இன்னொரு பக்கம் என்று இரண்டும் சேர்ந்து வந்தவருக்கு, எல்லோருக்கும் போடும் அதே பேக்கேஜைப் போட்டால் என்ன ஆகும்? இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டியது யார்? இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

கிணற்றுக் கப்பி கணக்கு

முழங்கால் ஒரே மூட்டு என்று நினைக்கிறோம். உள்ளே மூன்று பகுதிகள் இருக்கின்றன. தொடை எலும்பும் கால் எலும்பும் சந்திக்கும் உள்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று. மூன்றாவது, சில்லும் தொடை எலும்பின் முன்பக்கப் பள்ளமும் உரசும் இடம். வயதானவர்களுக்குக் கால் வில் மாதிரி வளைந்து போகிறதே, அது பெரும்பாலும் உள்பக்கத் தேய்மானம். சில்லுப் பக்கத் தேய்மானம் வேறு கதை. சமதரையில் நடக்கும்போது அவ்வளவாகத் தெரியாது. படி இறங்கும்போதும், தரையில் உட்கார்ந்து எழும்போதும் உயிர் போகும்.

காரணம் எளிது. நடக்கும்போது சில்லின் மேல் விழும் அழுத்தம் உடல் எடையில் பாதி அளவுதான். படி ஏறி இறங்கும்போது அது சுமார் மூன்று மடங்கு. குந்தி உட்கார்ந்து எழும்போது ஏழு மடங்குக்கும் மேல் போகும். 60 கிலோ எடையுள்ளவருக்கு 400 கிலோவுக்கு மேல்! இந்த எடையைத் தாங்கத்தான் உடம்பிலேயே மிகவும் தடிமனான குருத்தெலும்பைச் சில்லின் அடியில் இயற்கை வைத்திருக்கிறது.

சில்லு எப்படி ஓடுகிறது என்பதற்குக் கிணற்றுக் கப்பியைப் பார்த்தால் போதும். கப்பியின் பள்ளத்தில் கயிறு ஓடுகிற மாதிரி, தொடை எலும்பின் பள்ளத்தில் சில்லு மேலும் கீழும் ஓடுகிறது. பள்ளம் ஆழமில்லை என்றால் கயிறு பக்கவாட்டில் நழுவும். இழுக்கிற ஆள் நேராக நிற்காமல் ஓரமாக நின்று இழுத்தாலும் நழுவும். முட்டியிலும் இதேதான். சிலருக்குப் பிறவியிலேயே பள்ளம் ஆழம் குறைவு. சிலருக்குச் சில்லு இருக்க வேண்டிய இடத்தைவிட மேலே இருக்கும். சிலருக்குச் சில்லைக் கீழே இழுத்துப் பிடிக்கும் தசைநார், கால் எலும்பில் வெளிப்பக்கமாகத் தள்ளிப் போய் ஒட்டியிருக்கும். பிரான்ஸ் நாட்டின் லியோன் நகரத்து ஆன்ரி டெஜூர் என்ற மருத்துவரின் குழு இதையெல்லாம் அளந்து வகைப்படுத்தியது. பள்ளத்தின் நடுவிலிருந்து அந்தத் தசைநார் ஒட்டும் மேடு வரை பக்கவாட்டில் 20 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் சில்லு விலக வாய்ப்பு அதிகம் என்பது அவர்கள் கொடுத்த கணக்கு.

இதோடு, சில்லை உள்பக்கமாகப் பிடித்து வைத்திருக்கும் ஒரு தசைநார் உண்டு. சில்லு முதல் முறை விலகும்போது பெரும்பாலும் அது கிழிந்துவிடும். பள்ளிக்கூடத்தில் கபடி விளையாடும்போது, ஓடித் திரும்பும்போது இது நடக்கும். வீட்டில் "சுளுக்கு" என்று சொல்லி நீவிவிடுவார்கள். சில்லு தானாக உள்ளே வந்துவிடும். வலி போய்விடும். மறந்தும் போய்விடும்.

ஆனால் முட்டி மறப்பதில்லை. அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர்கள் 2017-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், சில்லு விலகிய 600-க்கும் மேற்பட்டவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். 10 ஆண்டுகள் வரை பெரிதாக ஒன்றும் இல்லை. 25 ஆண்டுகளில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்குச் சில்லுப் பகுதியில் தேய்மானம் வந்துவிட்டது. சில்லு விலகாதவர்களில் இது 8 சதவீதம் அளவுக்குத்தான். அதாவது 15 வயதில் கபடியில் நழுவிய சில்லு, 40 வயதில் மாடிப்படியில் கணக்குக் கேட்கிறது.

இரண்டு நோய், ஒரே முட்டி

சிக்கல் என்னவென்றால், இந்த இரண்டு பிரச்சினைகளுக்கும் தனித்தனியாக வைத்தியம் பார்த்தால் ஒன்று இன்னொன்றைக் கெடுக்கும்.

கிழிந்த தசைநாருக்குப் பதில் புதிதாக ஒரு தசைநாரை வைத்துக் கட்டும் அறுவை சிகிச்சை இருக்கிறது. இளம் வயதினருக்கு நன்றாக வேலை செய்கிறது. ஆனால் கொஞ்சம் இழுத்துக் கட்டிவிட்டால், சில்லின் உள்பக்கம் அழுத்தம் ஏறும். ஏற்கெனவே தேய்ந்த முட்டியில் இது வினையாக முடியும். விலகல் நின்றுவிடும், வலி கூடிவிடும்.

மாறாக, தேய்மானத்தை மட்டும் பார்த்துச் சில்லுக்கும் பள்ளத்துக்கும் செயற்கைப் பூச்சுப் போட்டு, சில்லு ஏன் விலகுகிறது என்பதைக் கவனிக்காமல் விட்டால், புதுப் பாகத்திலும் சில்லு பழையபடி நழுவும். இது கற்பனை இல்லை. 1979-ல் அறிமுகமான லூபினஸ் என்ற சில்லுப் பகுதிச் செயற்கை மூட்டு இப்படித்தான் கெட்ட பெயர் வாங்கியது. சில்லு நேராக ஓடாததே அதன் முக்கியத் தோல்விக் காரணம். அதில் கற்ற பாடத்தை வைத்துத்தான் 1996-ல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் ஏவான் என்ற அடுத்த வடிவம் வந்தது.

இடையில் ஒரு நல்ல வழியும் உண்டு. அமெரிக்க மருத்துவர் ஜான் ஃபுல்கர்சன் 1983-ல் விவரித்த முறை இது. தசைநார் ஒட்டியிருக்கும் எலும்பு மேட்டைச் சாய்வாக வெட்டி, கொஞ்சம் உள்பக்கமாகவும் கொஞ்சம் முன்பக்கமாகவும் நகர்த்தித் திருகாணி போட்டுவிடுவார்கள். உள்ளே நகர்த்துவதால் சில்லு நேராக ஓடும். முன்னே நகர்த்துவதால் தேய்ந்த இடத்தில் அழுத்தம் குறையும். ஒரே வெட்டில் இரண்டு வேலை. ஆனால் இதுவும் எல்லோருக்கும் பொருந்தாது. சில்லின் கீழ்ப்பகுதியிலும் வெளிப்பக்கமும் தேய்ந்தவர்களுக்கு நல்ல பலன். மேல்பகுதி தேய்ந்திருந்தாலோ, சில்லு முழுவதுமே தேய்ந்திருந்தாலோ பலன் சுமார்தான். அதோடு, சில வாரம் ஊன்றுகோல் பிடிக்க வேண்டும். எலும்பு கூடும் முன் அவசரப்பட்டுக் காலை ஊன்றினால் முறியும் ஆபத்தும் இருக்கிறது.

மூன்று பகுதிகளும் தேய்ந்து போன வயதானவருக்கு முழு மூட்டு மாற்றுதான் சரி. அங்கேயும் சில்லை மறந்துவிட முடியாது. செயற்கைப் பாகங்களைக் கொஞ்சம் உள்பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டால் சில்லு வெளியே தள்ளப்படும். ஏற்கெனவே விலகும் பழக்கமுள்ள சில்லு என்றால் கேட்கவே வேண்டாம். பாகங்களின் திருப்பத்தைத் துல்லியமாக வைக்க வேண்டும், வெளிப்பக்க இறுக்கத்தைத் தளர்த்த வேண்டும், உள்பக்கத்தை இறுக்கித் தைக்க வேண்டும், தேவைப்பட்டால் எலும்பு மேட்டையும் நகர்த்த வேண்டும். இது சாதாரண மூட்டு மாற்று இல்லை. கூடுதல் நேரம், கூடுதல் திறமை, முன்கூட்டியே திட்டம் எல்லாம் வேண்டும்.

ரூபாய் 4,090

இங்கேதான் வணிகக் கணக்கு உள்ளே வருகிறது.

2017 ஆகஸ்டில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் செயற்கை முழங்கால் மூட்டுகளுக்கு உச்ச விலை நிர்ணயித்தது. அதுவரை சராசரியாக ரூ. 1,58,324-க்கு விற்ற சாதாரண கோபால்ட் குரோமியம் மூட்டின் விலை ரூ. 54,720 ஆனது (ஜி.எஸ்.டி. தனி). கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு! பொருளின் விலையில் எவ்வளவு காற்று அடைக்கப்பட்டிருந்தது என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டாம்.

அந்த ரூ. 54,720-ஐப் பிரித்துப் பார்த்தால் இன்னொரு விஷயம் தெரியும். தொடை எலும்புப் பாகம் ரூ. 24,090. கால் எலும்புப் பாகம் ரூ. 16,990. நடுவில் வைக்கும் பிளாஸ்டிக் தட்டு ரூ. 9,550. சில்லுப் பாகம்? ரூ. 4,090. மொத்தத்தில் ஏழரை சதவீதம்கூட இல்லை.

விலை குறைவு என்பதால் முக்கியத்துவம் குறைவு என்று அர்த்தமில்லை. சில்லுக்குப் பூச்சுப் போடுவதா வேண்டாமா என்பதிலேயே உலகம் இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. அமெரிக்காவில் பெரும்பாலான மூட்டு மாற்றுகளில் போடுகிறார்கள். சுவீடனில் மிகச் சிலருக்குத்தான் போடுகிறார்கள். இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், மூட்டு மாற்று செய்துகொள்பவர்களுக்குச் சில்லுப் பூச்சையும் கொடுங்கள் என்று சொல்லிவிட்டது. இப்போது செலவு மிச்சம் என்று விட்டுவிட்டுப் பிறகு மறுபடி திறப்பதைவிட, இப்போதே போடுவது லாபம் என்பதும் அதற்குப் பின்னால் உள்ள கணக்கு.

விலை உச்சவரம்பு நல்ல முடிவு. அதில் சந்தேகமில்லை. ஆனால் அது பாகத்தின் விலையை மட்டும்தான் கட்டுப்படுத்தியது. தியேட்டர் கட்டணம், அறை வாடகை, மருத்துவர் கட்டணம் எல்லாம் பேக்கேஜ் என்ற ஒரே பைக்குள் போய்விட்டன. பேக்கேஜின் இயல்பு என்ன? வருமானம் முன்கூட்டியே நிர்ணயம். அப்படியானால் லாபம் செலவைக் குறைப்பதில்தான் இருக்கிறது. கூடுதலாக ஒரு சி.டி. ஸ்கேன், கூடுதலாக ஒரு மணி நேரம், கூடுதலாக ஒரு திருகாணி எல்லாமே செலவுக் கணக்கில் வரும். எந்த மருத்துவரும் வேண்டுமென்றே நோயாளியைக் கெடுப்பதில்லை. ஆனால் கேள்வி கேட்காமல் இருப்பதற்கு அந்த ஏற்பாடே ஒரு சின்ன ஊக்கத்தொகை கொடுக்கிறது.

பொருளாதார அறிஞர் கென்னத் ஆரோ 1963-ல் எழுதிய ஒரு புகழ்பெற்ற கட்டுரை இதைத்தான் சொல்கிறது. மருத்துவம் மற்ற சந்தைகளைப் போல இல்லை. விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாது. கத்தரிக்காய் சொத்தையா இல்லையா என்று கிள்ளிப் பார்த்து வாங்கலாம். முட்டிக்கு எந்த அறுவை சிகிச்சை என்று கிள்ளிப் பார்க்க முடியாது. வாங்கிய பிறகு திருப்பிக் கொடுக்கவும் முடியாது.

மருத்துவமும் தடுக்கி விழுந்திருக்கிறது

"டாக்டருக்குத் தெரியாததா?" என்று கேட்பவர்கள் சில பழைய கதைகளைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

1937-ல் ரால்ஃப் புரூக் என்ற பிரிட்டிஷ் மருத்துவர், சில்லே தேவையில்லை, எடுத்துவிட்டால் முட்டி இன்னும் நன்றாக வேலை செய்யும் என்று எழுதினார். அதன் பிறகு எத்தனையோ பேருக்குச் சில்லை அப்படியே எடுத்துவிட்டார்கள். சில்லு இல்லாமல் காலை நீட்டத் தொடைத் தசை கணிசமாகக் கூடுதல் பலம் செலவழிக்க வேண்டும் என்பது பிறகு அளந்து பார்த்தபோதுதான் உறுதியானது. எடுத்த சில்லைத் திருப்பி வைக்க முடியுமா?

பிறகு, சில்லு விலகினால் வெளிப்பக்க நாரை மட்டும் அறுத்துவிட்டால் போதும் என்ற காலம் வந்தது. அப்படிச் செய்த சிலருக்குச் சில்லு எதிர்த் திசையில், உள்பக்கமாக நழுவ ஆரம்பித்தது. 1988-லேயே மருத்துவ இதழில் இதைப் பற்றி எச்சரித்தார்கள்.

எல்லாவற்றுக்கும் மேல் 2002-ம் ஆண்டின் ஹூஸ்டன் ஆய்வு. முட்டித் தேய்மானம் உள்ள 180 பேரை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு ஆர்த்ரோஸ்கோப்பி மூலம் உள்ளே சுத்தம் செய்தார்கள். இன்னொரு குழுவுக்குக் கழுவி மட்டும் விட்டார்கள். மூன்றாவது குழுவுக்குத் தோலில் மட்டும் கீறித் தைத்து அனுப்பிவிட்டார்கள். உள்ளே ஒன்றுமே செய்யவில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்துப் பார்த்தால் மூன்று குழுவும் ஒன்றுதான்! பணம் கொட்டிச் செய்த ஓர் அறுவை சிகிச்சை, வெறும் தோல் கீறலுக்குச் சமம் என்று தெரிந்தது.

மருத்துவர்களைக் குறை சொல்ல இந்தக் கதைகள் இல்லை. இந்தத் தப்புகளைக் கண்டுபிடித்ததும் மருத்துவர்கள்தான். ஆனால் "எல்லோருக்கும் ஒரே வெட்டு" என்று எப்போதெல்லாம் கிளம்பினார்களோ அப்போதெல்லாம் அடிபட்டது நோயாளியின் முட்டி.

அந்தப் பக்க நியாயம்

எதிர்வாதத்தையும் நியாயமாகப் பார்க்க வேண்டும். முழு மூட்டு மாற்று நன்றாகச் சோதிக்கப்பட்ட சிகிச்சை. 2019-ல் லான்செட் இதழில் வந்த கணக்குப்படி, முழு மூட்டுகளில் சுமார் 82 சதவீதம் 25 ஆண்டுகள் தாங்குகின்றன. சில்லுப் பகுதியை மட்டும் மாற்றும் மூட்டுக்கு மறு அறுவை சிகிச்சை வாய்ப்பு இதைவிட அதிகம் என்று பல நாட்டுப் பதிவேடுகள் காட்டுகின்றன. "அரைகுறையாக எதற்கு, முழுசாகவே மாற்றிவிடலாமே" என்று ஒரு மருத்துவர் சொன்னால் அதில் அர்த்தமில்லாமல் இல்லை.

ஆனால் மூட்டு தாங்குவது வேறு, நோயாளி திருப்தியாக இருப்பது வேறு. முழு மூட்டு மாற்றியவர்களில் ஐந்தில் ஒருவர் அளவுக்குத் திருப்தியில்லை என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. 42 வயதில் சில்லுப் பகுதி மட்டும் தேய்ந்தவருக்கு, நன்றாக இருக்கும் மற்ற இரண்டு பகுதிகளையும் வெட்டி எடுத்தால், 25 ஆண்டு கழித்து 67 வயதில் என்ன செய்வது என்ற கேள்வியும் சேர்ந்தே வருகிறது.

"அறுவையே வேண்டாம், உடற்பயிற்சி போதும்" என்பவர்களும் இருக்கிறார்கள். 2015-ல் டென்மார்க்கில் 100 பேரை வைத்து நடந்த ஆய்வு இரண்டு பக்கத்துக்கும் பதில் சொன்னது. மூட்டு மாற்றியவர்களுக்கு நல்ல முன்னேற்றம்; பக்கவிளைவுகளும் அதிகம். பயிற்சியும் எடைக்குறைப்பும் மட்டும் செய்தவர்களுக்கு முன்னேற்றம் குறைவுதான். ஆனாலும் அவர்களில் நான்கில் மூன்று பேர் ஓராண்டுக்குள் அறுவை சிகிச்சைக்குப் போகவில்லை. ஆக, தொடைத் தசையை வலுவாக்கிப் பார்ப்பதை முதல் படியாக வைப்பதில் நஷ்டம் ஒன்றுமில்லை. அதே சமயம், பள்ளமே ஆழமில்லாத முட்டியில் வாரம் ஒரு முறை சில்லு விலகுகிறது என்றால் பயிற்சி மட்டும் எலும்பின் வடிவத்தை மாற்றிவிடாது.

கேட்க வேண்டிய ஐந்து

அப்படியானால் முட்டி வலியோடு போகிறவர் என்ன செய்யலாம்? கையெழுத்துப் போடும் முன் இந்த ஐந்தையும் கேட்டால் போதும்.

1. மூன்று பகுதிகளில் எது தேய்ந்திருக்கிறது? ஒன்றா, மூன்றுமா?

2. சில்லும் பள்ளமும் சேர்ந்து தெரிகிற மாதிரி, முட்டியை மடக்கி வைத்து எடுக்கும் எக்ஸ்ரே எடுத்தாயிற்றா? முன்னிருந்தும் பக்கத்திலிருந்தும் எடுக்கும் வழக்கமான படத்தில் சில்லு பள்ளத்தில் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பது சரியாகத் தெரியாது. லட்சக்கணக்கில் செலவழிக்கும் முன் இந்த ஒரு படத்துக்குக் கஞ்சத்தனம் கூடாது.

3. சின்ன வயதில் சில்லு விலகியது உண்டு என்பதை மருத்துவரிடம் சொன்னீர்களா? அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

4. சில்லு விலகுவதற்கு இந்த அறுவை சிகிச்சையில் என்ன செய்யப் போகிறார்கள்? "மூட்டை மாற்றினால் தானாகச் சரியாகிவிடும்" என்பது பதில் ஆகாது.

5. அந்தக் கூடுதல் வேலை பேக்கேஜுக்குள் அடங்குமா, தனியா? எழுத்தில் கொடுப்பார்களா?

இந்தக் கேள்விகளுக்கு ஒரு நல்ல மருத்துவர் கோபப்பட மாட்டார். சொல்லப் போனால் சந்தோஷப்படுவார். கோபப்பட்டால், இன்னொரு மருத்துவரிடம் கருத்துக் கேட்கக் காலம் இருக்கிறது. தேய்மானம் ஒன்றும் மாரடைப்பு இல்லை. ஒரு மாதம் தள்ளினால் உயிர் போய்விடாது. முகாமிலேயே முன்பணம் கட்டச் சொல்லும் அவசரம் நோயாளியின் அவசரம் இல்லை.

அரசுக்கும் ஒரு வேலை இருக்கிறது. பாகத்தின் விலையை நிர்ணயித்த மாதிரி, பேக்கேஜுக்குள் என்னென்ன அடங்கும் என்பதைப் பிரித்து எழுதிக் கொடுப்பதைக் கட்டாயமாக்க வேண்டும். மளிகைக் கடையில் கால் கிலோ புளி வாங்கினால்கூட ரசீதில் தனி வரி வருகிறது. முட்டியைத் திறப்பதற்கு ஒரே வரி ரசீது எப்படிப் போதும்? காப்பீட்டுத் திட்டங்களிலும் சில்லு விலகலோடு வரும் தேய்மானத்தைத் தனி வகையாகப் பிரித்து, கூடுதல் வேலைக்குக் கூடுதல் தொகை கொடுக்க வேண்டும். அப்போதுதான் அந்தக் கூடுதல் ஒரு மணி நேரத்தைச் செலவழிக்க மருத்துவமனைக்கும் மனசு வரும்.

2017-ன் விலைப் பட்டியலில் சில்லின் மதிப்பு ரூ. 4,090. மாடிப்படியில் இறங்கும் ஒருவருக்கு அதன் மதிப்பு என்ன என்பதை எந்த ஆணையமும் நிர்ணயிக்க முடியாது. அதை அவர்தான் கேட்டு வாங்க வேண்டும்.